பனமலையும் பனிமலையும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், விழுப்புரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுப்பா, ஆனா சாப்பாட்டு நேரத்தைத் தொடாதே" என்றார். தலைப்பு கேட்டார். 'பனிமலை ஏறிய ஒரு நாள்' என்று சொன்னேன். அழைப்பிதழ் வந்தது. பிரித்துப் பார்த்தால் 'பனமலை ஏறிய ஒரு நாள்' என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்தார் மேல் தப்பே இல்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் 'பனிமலை'யைப் பார்த்தவுடன் மேல்விலங்கை எடுத்துவிட்டுத் திருத்தத்தான் செய்வார். நமக்குத் தெரிந்தது பனமலைதான்.

அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. நேற்று காலை நாமெல்லாம் வேனில் பனமலை போய் வந்தோம். தாளகிரீஸ்வரர் கோயிலைப் பார்த்தோம். தாளம் என்றால் பனை, கிரி என்றால் மலை. சாமியின் பேரே பனமலைக்காரர்தான். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஆகிறது. உமையவள் முடி தரித்து, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று ஈசன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஓவியத்தின் முன்னால் நம்ம ஆட்கள் அரை மணி நேரம் பேசாமல் நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

என் அம்மா பிறந்த ஊர் பனமலை. கோடை விடுமுறை முழுக்க அந்தப் பாறைகளில் ஏறித்தான் எனக்கு முழங்கால் தேய்ந்தது. நான் இன்று பேசப்போகிற மலையும் கருங்கல் மலைதான். ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் என்று ஒரு மலைத்தொடர். அந்தக் கருங்கல்லுக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டு. நம்ம பக்கத்துப் பாறைகளுக்கு 200 கோடி ஆண்டுக்கும் மேல். ஆகவே வயதில் நாம்தான் சீனியர். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே கருங்கல்லின் மேல் ஆறு மாதம் பனி உட்கார்ந்திருக்கும்.

நான் எட்டு வருடமாக அபர்டீன் நகரில் வேலை பார்க்கிறேன். வட கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளின் குழாய், வால்வு, பம்பு இவற்றின் பராமரிப்புதான் என் வேலை. என் அலுவலகத்தில் ஒரு மூத்த பொறியாளர் இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. முப்பது குளிர்காலம் பனிமலை ஏறியவர். அங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவே ஒரு வருஷம் ஆயிற்று. இங்கே அவரை 'சார்' என்றே சொல்கிறேன். அவர் காதில் விழாது.

முதலில், பனிமலை ஏறுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கெய்ர்ன்கார்ம் சிகரத்தின் உயரம் 1,245 மீட்டர். "அவ்வளவுதானா? ஊட்டி பஸ் ஸ்டாண்டே அதைவிட உயரமாச்சே" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஊட்டியில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அது வட துருவத்துக்கு எவ்வளவோ பக்கம். காற்று வேறு. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் புரட்டிப் போட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்போது காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். கெய்ர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20-ஆம் தேதி அளந்த வேகம் 278 கிலோமீட்டர்! உயரம் குறைவு என்று அந்த மலையை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

பாறை இடுக்குகளில் கசியும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்துபோகும். பள்ளங்களில் விழுந்த பனி உருகி, மறுபடி உறைந்து இறுகும். அந்த இறுகிய பனியின் மேல் ஏறுவதுதான் இந்த விளையாட்டு. இரண்டு கையிலும் குட்டையான பனிக்கோடரி. பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்று பன்னிரண்டு இரும்புப் பற்கள் கட்டிக்கொள்வோம். அதில் இரண்டு பல் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். 1929-இல் லோரான் கிரிவெல் என்பவர் அந்த முன்பற்களைச் சேர்த்த பிறகுதான் செங்குத்தான பனியில் முகம் பார்த்தபடி ஏறுவது சுலபமாயிற்று. இரண்டு பேர், நடுவே ஒரு கயிறு. ஒருவர் ஏறுவார்; மற்றவர் பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு கயிறு விட்டுக்கொடுப்பார். ஏறுபவர் போகிற வழியில் பாறை இடுக்கிலோ, ஐஸ் ஸ்க்ரூவைத் திருகிப் பனியிலோ பிடிமானம் வைத்து, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். விழுந்தால் கடைசிப் பிடிமானம் தாங்க வேண்டும்.

பொறியாளர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். ஐஸ் ஸ்க்ரூவுக்கு ஐரோப்பியத் தரநிலை உண்டு. 10 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒரு டன் எடை, தாங்க வேண்டும். சோதித்து முத்திரை குத்தித்தான் விற்பார்கள். ஆனால் அந்த ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருக்கிற பனிக்கட்டிக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பது? வெயில் பட்டால் இளகும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் பொடியும். காலையில் தாங்கியது மதியம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரும்பை நம்பலாம். பனியை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். ஜனவரிக் கடைசி, சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு அபர்டீனிலிருந்து புறப்பட்டோம். முதல் நாள் இரவே சார் பனிச்சரிவு அறிக்கையைப் படித்துவிட்டார். அங்கே குளிர்காலம் பூராவும் தினமும் ஒவ்வொரு மலைப்பகுதிக்கும் அறிக்கை வரும். அபாயத்தை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள். அன்றைக்கு எங்கள் பகுதிக்கு இரண்டாவது படி, 'மிதமானது'. மாலையில் தென்மேற்குக் காற்று வலுக்கும் என்று வானிலை சொன்னது.

போகிற இடத்துக்குப் பேர் கோரி அன் ட்ரெக். அந்த ஊர்ப் பழைய மொழியில் 'பனியின் கிண்ணம்' என்று அர்த்தம் சொல்லலாம். மூன்று பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் பனி. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. எட்டரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். நடக்கும்போது சுவருக்கு மேலே பீடபூமியின் விளிம்பு தெரிந்தது. அதைக் காட்டி சார் ஒரு விஷயம் சொன்னார். 1971 நவம்பரில் அந்தப் பீடபூமியில் ஐந்து பள்ளி மாணவர்களும் கூடப்போன ஒரு பயிற்சி உதவியாளரும் பனிப்புயலில் மாட்டி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கான பயிற்சி விதிகள் அந்த நாட்டில் இறுகின. "இந்த மலையில் எழுதியிருக்கிற ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் இருக்கார்" என்றார்.

பாறையடியில் கயிறு கட்டிக்கொள்ளும்போது சார் தன் விதியைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்வார். கல்யாண மந்திரம் மாதிரி, ஒரு வார்த்தை மாறாது. "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வேண்டாம்னா, ரெண்டு பேரும் இறங்குறோம். மலைமேல வெச்சு நான் காரணம் கேட்கமாட்டேன். நீயும் கேட்கக்கூடாது."

நாங்கள் ஏறத் தேர்ந்தெடுத்த வழிக்குப் பேர் 'ரன்னல்', அதாவது சிற்றோடை. சுமார் 130 மீட்டர். கடினத்தில் இரண்டாவது படி. ஆரம்ப நிலையைத் தாண்டியவர்கள் ஏறுகிற வழி. கீழே அகலமான பனிச்சரிவு, மேலே போகப்போகக் கருங்கல்லுக்கு நடுவே ஒரு வாய்க்கால் மாதிரி குறுகி, கடைசியில் புகைபோக்கி போல ஒரு இடுக்கு. அதைத் தாண்டினால் பீடபூமி.

முதல் கட்டம் அருமையாக இருந்தது. கோடரி ஒரே அடியில் 'தொக்' என்று இறங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே மனசுக்குத் தைரியம். கிராம்பான் பல் இரண்டும் பிடித்துக்கொள்ளும். மூச்சு மட்டும்தான் கேட்கும். கீழே பார்த்தால் மனிதர்கள் எறும்பு மாதிரி. கை மட்டும் படுத்தும். தூக்கிப் பிடித்த கையில் ரத்தம் வற்றி விரல் மரத்துவிடும். கையைத் தொங்கவிட்டதும் ரத்தம் திரும்பும் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஐம்பது வயது ஆட்களே அந்த வலியில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிஷம், அப்புறம் கை அடுப்பு மாதிரி சூடாகிவிடும்.

இரண்டாவது கட்டமும் முடிந்து, புகைபோக்கிக்குக் கீழே ஒரு பாறை முனையில் எங்களைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேலே இன்னும் நாற்பது மீட்டர். அடுத்த முறை நான் முன்னால் போக வேண்டும். மணி பன்னிரண்டரை.

அப்போது மூன்று விஷயம் கவனித்தேன். ஒன்று, மாலையில் வர வேண்டிய காற்று மதியமே வந்துவிட்டது. இரண்டு, புகைபோக்கி வழியாகப் பொடிப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் உப்புத் தூவுகிற மாதிரி. பத்து நிமிஷத்தில் மூட்டையைப் பிரித்துக் கவிழ்க்கிற மாதிரி. அப்படியென்றால் பீடபூமியின் மேல் கிடந்த பனியைக் காற்று வாரி, விளிம்பைத் தாண்டி நம் பக்கம் போடுகிறது. மூன்று, பக்கத்தில் கோடரியால் குத்தினேன். மேல்புறம் பனி உளுந்து அப்பளம் மாதிரி தகடாக உடைந்தது. அடியில் கெட்டிப்பனியோடு ஒட்டவே இல்லை.

இந்த அப்பளம்தான் மலையில் ஆளைக் கொல்வது. காற்று பனித்துகளை உடைத்துப் பலகையாக அடித்து வைக்கும். அடியில் பிடிப்பு இருக்காது. 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவில், ஒரு ஆள் கால் வைத்தால் போதும், பலகை மொத்தமாக நழுவலாம். பெரும்பாலான விபத்தில் சரிவைக் கிளப்பிவிடுவது மாட்டிக்கொண்டவரோ அவர் கூட வந்தவரோதான்.

ஆனால் தம்பிகளே, அந்த இடத்தில் என் மனசில் ஓடினதை மறைக்காமல் சொல்கிறேன். சாருக்கு முப்பது வருஷ அனுபவம், எனக்கு மூன்று வருஷம். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும்? அவர் ஒன்றும் சொல்லவில்லையே! இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். இன்னும் நாற்பது மீட்டர்தானே. எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் கயிறு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. இத்தனை காரணமும் 'போ' என்றுதான் சொல்லிற்று. இதில் ஒன்றுகூடப் பனியைப் பற்றிய காரணம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் சொன்னேன். "எனக்கு வேண்டாம்னு படுது."

சார் சொன்னார். "சரி."

அவ்வளவுதான். முகம் மாறவில்லை. மேலே ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் வாயை மூடுமுன் அவர் கை இறங்குவதற்கான கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. பாறை முனையில் ஒரு பட்டியைச் சுற்றி, அதில் ஒரு கேரபினர் வளையம் மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் தொங்கவிட்டு ஒவ்வொருவராக இறங்கினோம். பட்டியும் வளையமும் அங்கேயே போயிற்று. இரண்டாயிரம் ரூபாய் சாமான். மூன்று மணிக்கெல்லாம் பாறையடியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நீங்கள், "அப்புறம் பெரிய பனிச்சரிவு வந்திருக்கும், தப்பிச்சிருப்பீங்க" என்று எதிர்பார்ப்பீர்கள். சினிமாவாக இருந்தால் வந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முன்னால் போன இருவரும் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். நாங்களும் ஏறியிருந்தால் பத்திரமாக மேலே போயிருப்போமோ என்னவோ. அதை யாராலும் சொல்ல முடியாது. நடந்த விபத்துக்கு அறிக்கை உண்டு, கமிஷன் உண்டு. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. வேண்டாம் என்று சொன்னவனுக்குக் கடைசிவரை 'நான் சொன்னது சரிதான்' என்ற நிம்மதி கிடைக்காது. அந்தச் சொல் வாயிலிருந்து வருவது கஷ்டமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். மலைமேல்தானே கேட்கக்கூடாது! "நீங்க என்ன நினைச்சீங்க சார்?" "பாதிக்குப் பாதி" என்றார். "ஏறலாம்னும் தோணிச்சு. நீ சொன்னதும் அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு." "நீங்க சீனியர் ஆச்சே?" என்றேன். அதற்கு அவர் மலையைப் பற்றிப் பேசவில்லை. கடலைப் பற்றிப் பேசினார்.

பைப்பர் ஆல்ஃபா. அபர்டீனில் இந்தப் பேரைச் சொன்னால் இன்றைக்கும் பேச்சு நிற்கும். அபர்டீனுக்கு வடகிழக்கே, கரையிலிருந்து 190 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6-ஆம் தேதி இரவு எரிந்துபோனது. 167 பேர் இறந்தார்கள். சார் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது.

நடந்தது இதுதான். இரண்டு பம்பு. ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகப் பகலில் கழற்றியிருந்தார்கள். குழாய் வாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோனது. வால்வில்லாத பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்தது, வெடித்தது. அதோடு முடிந்திருந்தால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு மேடைகள் அதே குழாய்த் தொடரில் இணைந்திருந்தன. அங்கிருந்தவர்களுக்குத் தூரத்தில் தீ தெரிந்தது. இருந்தும் எண்ணெயும் வாயுவும் உடனே நிற்கவில்லை. உற்பத்தியை நிறுத்துவது பெரிய முடிவு, மேலிடத்தைக் கேட்காமல் எப்படி நிறுத்துவது என்ற தயக்கம். எரிகிற நெருப்புக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது.

கல்லன் பிரபு தலைமையில் விசாரணை நடந்து, 1990-இல் அறிக்கை வந்தது. 106 பரிந்துரைகள். அத்தனையும் ஏற்கப்பட்டன. இன்றைக்கு வட கடலில் மேடையில் இறங்குகிற புதுப்பையனுக்கும், சமையல்காரருக்கும்கூட, ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு என்று முதல் நாளே சொல்லித்தருகிறார்கள். "அந்த உரிமையை நான் கயிற்றிலும் கட்டிக்கிட்டேன்" என்றார் சார்.

நான் இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? நம்ம வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். "புரிஞ்சுதா?" என்பார் ஆசிரியர். "புரிஞ்சுது சார்" என்று அறுபது குரல். புரியாதவன் குரல்தான் அதில் சத்தமாக இருக்கும். பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது நம்ம சொத்து. அதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மரியாதை வேறு, மௌனம் வேறு. இடித்துச் சொல்லும் ஆள் இல்லாத மன்னன், கெடுக்க ஒரு பகைவன் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று வள்ளுவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம்ம ஊரில் கட்டடம் கட்டும் இடத்திலும், பாய்லர் அறையிலும், மின்கம்பத்தின் மேலும் 'இது சரியில்லையே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையை வைத்தவர்கள் எத்தனை பேர்!

ஆகவே தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்வதைச் சின்ன இடத்தில் பழகிக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்குக் கவசம் இல்லையென்றால் "சார், இதைப் போட்டுட்டு ஓட்டறேன்" என்று சொல்லுங்கள். சின்ன இடத்தில் வராத வார்த்தை பெரிய இடத்தில் திடீரென்று வராது. மலை ஏற ஆசையிருந்தால் முறையாகக் கற்றுக்கொண்டு ஏறுங்கள். டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சியிலேயே பனியில் நடக்கவும் ஏறவும் சொல்லித்தருவார்கள். பனமலையிலும் செஞ்சியிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டிப் பழகாதீர்கள். அவை நம் முன்னோர் விட்டுப்போன சின்னங்கள்.

இன்னொன்று, முன் வரிசையில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார்களுக்கு. உங்களில் பலர் இன்று நூறு பேருக்கு மேலதிகாரி. "எங்கிட்ட யாரும் தைரியமாப் பேசலாம்" என்று எல்லா மேலதிகாரியும் சொல்வதுண்டு. சின்னவன் ஒருவன் முதல்முறை 'வேண்டாம் சார்' என்று சொல்லும்போது, அடுத்த ஒரு நொடியில் உங்கள் முகம் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகம் சுளித்தால் அவன் வாழ்நாளில் இன்னொரு முறை சொல்லமாட்டான். அன்று மலையில் நான் பேசியது பெரிய காரியமில்லை. சார் 'சரி' என்று சொன்ன வேகம்தான் பெரிய காரியம்.

"இப்படி ஆளாளுக்கு வேண்டாம்னா வேலை எப்படி நடக்கும்?" என்று கேட்பீர்கள். நடக்கிறது. இரண்டு வாரம் கழித்து, காற்றில்லாத ஒரு நாளில் அதே வழியில் போனோம். பனி கெட்டியாக இருந்தது. புகைபோக்கியை நான்தான் முன்னால் ஏறினேன். நாங்கள் விட்டுவந்த பட்டியும் வளையமும் அங்கேயே இருந்தன, எடுத்துக்கொண்டோம். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். சேர்ந்து ஏறிய மூன்று குளிர்காலத்தில் 'வேண்டாம்' என்று நான் சொன்னது இரண்டு முறை. சார் சொன்னது ஐந்து முறை. அனுபவம் கூடினால் அந்த வார்த்தையும் கூடுகிறது போலிருக்கிறது.

சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் 'போதும்' என்று சொல்லும் உரிமையை நானும் மதிக்கிறேன்.